சேவை மனசு

குழந்தைகள் புற்றுநோய் சிகிச்சையில் மூன்று ஆண்டுகள் பயிற்சி முடித்த இளம் டாக்டர், அந்த வார்டிலேயே வேலைக்குச் சேர்வதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தாள். அழகு சிகிச்சை நிலையம் ஒன்று அவளை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தது.

"அங்கே போய் என்னம்மா பண்ணப் போறே? பரு கிள்ளப் போறியா?" என்றார் வார்டின் மூத்த டாக்டர். "இங்கே ஒரு குழந்தை குணமாகி வீட்டுக்குப் போறதைப் பார்க்கிற சந்தோஷம் வேற எங்கே கிடைக்கும்? எல்லாரும் சொகுசைத் தேடி ஓடினா இந்தப் பிஞ்சுங்களை யாரு பார்க்கிறது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே அழகு நிலையத்துக்குப் போன் போட்டு, "நான் வரலைங்க" என்று சொன்னாள். வார்டு வேலைக்கான படிவத்தில் கையெழுத்தும் போட்டாள். மூத்தவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவருடைய போன் அடித்தது.

"அழகு நிலையமா? சொல்லுங்க... ஆமாங்க, அந்தப் பொண்ணுக்கு அடுத்து லிஸ்ட்ல இருக்கிறது நான்தான். நாளைக்கே சேர்ந்துடறேன். இங்கே என் இடத்துக்கு ஆள் கிடைக்காமத்தான் இத்தனை நாளா விடமாட்டேன்னாங்க. இப்ப கிடைச்சாச்சு!"

போனை வைத்துவிட்டு, எதிரே நின்றவளின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"குழந்தைங்களை நல்லாப் பார்த்துக்கம்மா!"