காற்று வரும் பக்கத்துப் படுதா

அன்றைக்கும் இறக்கிவிட்டார்.

ஜெயப்பிரியா வற்றிய ஏரிக்குள் இறங்கிப் பட்டத்தை விரித்ததுதான் தாமதம், கரைக்கு அந்தப் பக்கம் மயில்சாமியின் கோழிப்பண்ணையில் சாக்குப் படுதா மடமடவென்று இறங்கியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

“பாத்தீங்களா அண்ணி, கடையைச் சாத்திட்டாரு” என்றாள் நாத்தனார் பிரபா. பட்டத்தைத் தூக்கிப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை.

“வெயிலுக்கா இருக்கும்.”

“வெயிலுக்கா? ஆடிக்காத்து இந்தப் பக்கமிருந்துதான வருது? காத்து வர்ற பக்கத்தை அடைச்சா கோழி வெந்துபோயிராது? கல்யாணமான பொம்பளை பேன்ட்டைப் போட்டுக்கிட்டுப் பட்டம் உடறது அவரு கண்ணுக்கு ஆகலை. அதுதான் சங்கதி.”

ஜெயப்பிரியா நூலைப் பிரித்துக்கொண்டே படுதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

போன வருஷம் ராமேஸ்வரம் போனபோது கடலில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். காலில் பலகை, கையில் பெரிய பட்டத்தின் பிடி. காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போனாள். கைட் போர்டிங் என்றார்கள். சேந்தமங்கலம் திரும்பிய பிறகும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் அங்கேயே வகுப்பில் சேர இருந்தாள். அதற்குள் சின்னப் பட்டத்தைத் தரையில் விட்டுக் கை பழகிவிட்டு வாருங்கள் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். வற்றிக் கிடந்த ஏரியை விட்டால் வேறு இடமில்லை.

கணவன் நந்தகுமார் சம்மதித்தான். ஒரே ஒரு நிபந்தனை.

“ஊருக்குள்ள ஒருத்தர் குறை சொன்னாலும் மூட்டை கட்டிரோணும். அப்புறம் கடலும் இல்லை, கிடலும் இல்லை.”

அந்த ஒருத்தர் யாரென்று அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. மயில்சாமி அவனுக்குப் பெரியப்பா முறை. அதிகம் பேசாத மனிதர். இன்றைக்குச் சொல்வாரோ, நாளைக்குச் சொல்வாரோ?

“காத்து இழுத்தா பயந்து இறுக்கிப் பிடிக்காதீங்க. பிடியை விட்டுருங்க. மணிக்கட்டுல மாட்டின வார் பட்டத்தைப் பாத்துக்கும்.” பயிற்சியாளர் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளோ பட்டத்தைப் பார்ப்பதைவிடப் படுதாவைத்தான் அதிகம் பார்த்தாள். பட்டம் தலைகுப்புற விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

“நாளைக்கு நாலு மணிக்கே வந்துரலாம் பிரபா. தோட்டத்துலயிருந்து அவர் பண்ணைக்கு வர அஞ்சாகும். அதுக்குள்ள முடிச்சுக்கிட்டுப் போயிரலாம்.”

“திருடப் போற மாதிரியில்ல சொல்றீங்க!”

மறுநாள் படுதா சுருட்டியபடியே இருந்தது. பண்ணையில் ஆளில்லை. ஜெயப்பிரியா அவசர அவசரமாகப் பட்டத்தை ஏற்றினாள்.

ஏறியது. ஆடாமல் அசையாமல் தலைக்கு நேர்மேலே நின்றது.

“அண்ணி, நிக்குது! நிக்குது!” பிரபா குதித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. பட்டம் சரிந்து, வெடுக்கென்று இழுத்தது. இறுக்கிப் பிடித்தாள். கால் தரையில் பாவவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. பயிற்சியாளர் சொன்னது நினைவுக்கு வர, பிடியை விட்டாள்.

விட்ட பிறகுதான் தெரிந்தது, அவசரத்தில் மணிக்கட்டு வாரை மாட்டவே இல்லை.

பட்டம் கரையைத் தாண்டிப் பறந்து, பண்ணைக் கூரையில் விழுந்து, பாதி உள்ளும் பாதி வெளியுமாகத் தொங்கிப் படபடவென்று அடித்தது.

அடுத்த நொடி அத்தனை கோழிகளும் ஒன்றாக அலறின.

இருவரும் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், அன்றைக்கென்று சீக்கிரமே மயில்சாமியின் மொபெட் வந்துவிட்டது. வந்தவர் இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் படுதாவை அவிழ்த்து இறக்கிவிட்டார்.

‘இப்பவும் அதுதானா!’ ஜெயப்பிரியாவுக்கு அழுகை வந்தது.

பயத்தில் பிரபா அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள். நந்தகுமார் வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் இறங்கி வந்தான்.

“ஏனுங்க பெரியப்பா, இவளால தொந்தரவுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னையோட நிறுத்திப்போடறேன்.”

மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“என்ரா தொந்தரவு? பட்டம்னா பறக்கும். கையை உட்டுப் போறதுந்தான்.”

“கோழி இந்தக் கத்துக் கத்துதுங்களே?”

“கோழி கத்தாம பாட்டா படிக்கும்?”

நந்தகுமார் குனிந்து பார்த்தான். கூண்டுகளுக்கு அடியில் அங்கங்கே முட்டைகள் விழுந்து சிதறிக் கிடந்தன. ஓடே இல்லாமல், வெறும் தோலோடு.

“என்னங்க இத்தனை தோல்முட்டை?”

“தீவனத்துல ஓட்டுக்குப் போடற கிளிஞ்சல் பத்தலையாட்ட இருக்குது. நீ போயி அந்தப் பக்கத்து ஏணியை எடுத்துட்டு வா, போ. புள்ள பட்டத்தை எறக்கிக் குடுக்கலாம்.”

அவன் ஏணிக்குப் போனான். படுதாவுக்குள் கோழிகளின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, நான் வந்து…” என்றாள் ஜெயப்பிரியா.

மயில்சாமி ஏணி வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நேரத்துலயே வாறதா இருந்தா எனக்கொரு போன் போட்டுரு சாமி. முன்னாடியே வந்து படுதாவை எறக்கிப்போடறேன். பாவம், கோழி மிரண்டா இப்படித்தான் தோல்முட்டையாப் போடும். அதுகளுக்கு மேல எது பறந்தாலும் பருந்துதான்.”