எவன் கேட்டான்?

ஜேசிபி வாசலில் வந்து நின்றதும் இசக்கிபாண்டி கயிற்றுக் கட்டிலை இழுத்து வந்து அதன் முன்னால் போட்டார். பனியன், லுங்கியோடு மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"மேடம், இன்னா பண்றது? டீசல் சும்மா எரிஞ்சிகினு கீது" என்றான் டிரைவர்.

தாசில்தார் சுகப்பிரியா கட்டிலருகே வந்தார். "கொஞ்சம் எழுந்திருங்க ஐயா. ஏரி ஆக்கிரமிப்பு. நாற்பது வீட்டையும் இன்னிக்கே எடுக்கச் சொல்லி உத்தரவு."

"ஏரியா? எந்த ஏரி?"

"சித்தேரிங்க. ரெவின்யூ பதிவுல இந்த இடத்துக்கு அதான் பேரு."

"இது பாண்டி நகர். பஸ்ல கண்டக்டரே அப்படித்தான் கூப்பிடுதான். நான் திசையன்விளையில இருந்து ஒரகடம் வந்தப்ப இங்க முள்ளும் பாம்பும்தான் கெடந்துச்சு. மொதக் குடிசை என்னுது. கம்பெனி வேலைக்கு வந்த நம்ம ஊர்க்காரங்கள ஒவ்வொருத்தரா குடிவச்சதும் நாந்தான்."

"மழைக்குத் தண்ணி நிக்குமேங்க?"

"இடுப்பளவு நிக்கும். கட்டில் மேல கட்டில் போட்டுப் படுத்தோம்."

தெருவில் ஏற்கெனவே டிவிகளும் சிலிண்டர்களும் வந்துவிட்டன. இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். யாரும் அவரைத் தொடவில்லை.

"பாதி நாள் மெட்ராஸ்ல எம்.எல்.ஏ. ஹாஸ்டல்ல கெடக்கேன். அங்க ஒறக்கம் வரமாட்டேங்கு. இந்த வீட்டுல படுத்தாத்தான் கண்ணு மூடுது. இத இடிச்சா நான் எங்க போவேன்? சரி, திடீர்னு யாருக்கு இந்த ஏரி நெனப்பு வந்துச்சு?"

"சட்டசபையில கேள்வி வந்துச்சுங்க. சித்தேரி ஆக்கிரமிப்பை எப்ப எடுப்பீங்கன்னு ஒரு எம்.எல்.ஏ. கேட்டார். ஒரு மாசத்துலன்னு அமைச்சர் சொல்லிட்டார்."

இசக்கிபாண்டி எழுந்து உட்கார்ந்தார்.

"எவன் அவன்? சித்தேரி எங்க இருக்குன்னுகூட அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. எவனோ எழுதிக் குடுத்தத அப்படியே வாசிச்சிட்டு உக்காந்திருப்பான், கூறுகெட்ட பய."

"அப்படிக் கேளுங்க அண்ணாச்சி!" என்றாள் சிலிண்டர் மேல் உட்கார்ந்திருந்த சந்திரலேகா. கூட்டம் கைதட்டியது.

சுகப்பிரியா தன் செருப்பைப் பார்த்தார்.

"பேரச் சொல்லும்மா."

"வேண்டாங்க ஐயா."

"நாப்பது குடும்பம் தெருவுல நிக்கி. எல்லாருக்கும் தெரியட்டும். சத்தமா சொல்லு."

சுகப்பிரியாவுக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்கதாங்க ஐயா."