கலைமதி போட்ட சத்தம்

வீடியோவில் கலைமதி பத்ரகாளியாட்டம் நின்றிருந்தாள்.

"யோவ் கண்டக்டர்! ஓசி டிக்கெட்டுன்னா கை காட்டுறது கண்ணுக்குத் தெரியாதா? தெனமும் வெயில்ல நிக்க நாங்க என்ன புளிய மரமா?"

பஸ் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். அவிழ்ந்த தலைமுடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து "யோவ்" என்று ஆரம்பித்தது.

மோனிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போச்சு. எல்லாம் போச்சு. நாளன்னைக்கு ஓட்டு. இப்பப் பாத்து எவனோ பேரு தெரியாத ஐடியில போட்டிருக்கான்டி."

மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்குக் கலைமதி நிற்கிறாள். பிரச்சாரம் முழுக்க அவள் தோழி மோனிஷாவின் பொறுப்பு. எதிர்த்து நிற்பவன் ஆரோக்கிய பிரவீன். புல்லட்டில் வந்து கூலிங் கிளாஸைக் கழற்றினால் போதும், அந்த ரீல்ஸுக்கு ஆயிரக்கணக்கில் லைக் விழும்.

அவனைச் சமாளிக்க மோனிஷா ஒரு வழி வைத்திருந்தாள். கலைமதிக்குச் சந்தன நிறச் சுடிதார் மாட்டி, வேப்ப மரத்தடியில் நிற்க வைத்து, பல் தெரியாமல் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். கீழே 'அமைதியின் குரல்' என்று எழுதி இன்ஸ்டாவில் போட்டாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் படத்தின் கீழே வரிசையாகக் கமெண்ட்.

"இதுதான் அமைதியின் குரலா?"

"கண்டக்டருக்குக் காது போயிடுச்சாம்."

நடந்தது போன மாதம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால், அவர்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப் என்றால் அவள் வரும் இண்டூர் டவுன் பஸ் நிற்காமலே பறக்கும். அன்றைக்குப் பரீட்சை வேறு. வேகத்தடையில் பஸ் மெதுவானதும் கலைமதி ஓடிப்போய்க் குறுக்கே நின்றுவிட்டாள். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாகப் படியில் கால் வைத்தபோது போட்ட சத்தம்தான் அது. யார் படம் பிடித்தார்களோ, அவள் கவனிக்கவில்லை.

நேராகப் பிரவீனிடம் போனாள்.

"ஏன்டா, ஜெயிக்கறதுக்கு இதுதான் வழியா?"

"சத்தியமா நான் போடல கலை."

"பின்ன, பேய் வந்து போட்டுச்சா?"

"இத்தன பேரு பாக்குற வீடியோவ என் பேஜ்ல போட்டு லைக் வாங்காம, வேற பேருல போட நான் என்ன லூசா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கலைமதிக்கு நம்ப மனமில்லை.

"நான் வெலகிக்கறேன்டி" என்றாள் மோனிஷாவிடம். தேர்தல்கூட அவளுக்குப் பெரிதில்லை. கல்லூரியில் சேர்த்த அன்றே அப்பா மாரியப்பன் கறாராகச் சொல்லியிருந்தார். "பேரு கெடாம படிக்கறதுன்னா படி. இல்லாட்டி வூட்டோட இரு." அப்பா கண்ணில் இது பட்டால் படிப்புக்கே முழுக்கு.

நினைத்து முடிக்கவில்லை, போன் அடித்தது. அப்பா.

"கண்டக்டர யோவ்னா சொன்ன?"

"ஆமாங்கப்பா."

"வயசுல பெரியவர?"

"ஆமாங்கப்பா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பஸ்ஸு நின்னுச்சா?"

"நின்னுச்சுங்கப்பா. அன்னையில இருந்து தெனமும் நிக்குது."

அந்தப் பக்கம் வண்டியில் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பறம் எதுக்கு அழுவுற? போன வை. தக்காளி லோடு ஏத்திட்டு இருக்கறேன்."

கலைமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெலகல" என்றாள்.

ஓட்டுப் போடும் நாளில் மோனிஷாவின் கணக்கெல்லாம் தலைகீழானது. பஸ்ஸில் வரும் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் கும்பலாக வந்து ஓட்டுப் போட்டார்கள். கலைமதி ஜெயித்தாள், அதுவும் அமோகமாக. பிரவீன் வந்து கை கொடுத்து, கூடவே செல்ஃபியும் எடுத்து, அதையும் ஒரு ரீல்ஸாகப் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போக அதே டவுன் பஸ். அதே கண்டக்டர் கோவிந்தன். அன்றைக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் கலைமதிக்கு இன்றைக்குத் தைரியம் வந்தது.

"அண்ணா, அன்னைக்கு யோவ்னு சொன்னது தப்புங்க. மன்னிச்சிக்கங்க. அந்த வீடியோவால உங்களுக்கும் அசிங்கம். போட்டது யாருன்னு மட்டும் தெரியட்டும்..."

"நான்தாம்மா போடச் சொன்னேன்" என்றார் கோவிந்தன், இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி.

கலைமதி அதிர்ந்துபோனாள். "நீங்களா? என்னைய அசிங்கப்படுத்தவா?"

"மொதல்ல அந்த நெனப்புதான். முன் சீட்டுல இருந்தவரு எடுத்து, டிப்போல காட்டிப் புகார் குடுங்கன்னு எனக்கு அனுப்பியிருந்தாரு. எம் பொண்ணு மணிமேகலையும் உங்க காலேஜ்தான், ஃபர்ஸ்ட் இயரு. அவகிட்ட காட்டினேன். நீ எலெக்சன்ல நிக்கறன்னு அவதான் சொன்னா. 'மரத்தடி போட்டோவப் பாத்து எவ ஓட்டுப் போடுவா, இந்த வீடியோவ நான் போடட்டுமாப்பா'ன்னு கேட்டா. போடுன்னுட்டேன்."

"அதுல திட்டு வாங்குறது நீங்கங்கண்ணா! ஊரே பாக்குமே. அப்படியிருந்தும் எதுக்குப் போடச் சொன்னீங்க?"

அடுத்த ஸ்டாப்பில் பெண்கள் மட்டும்தான் நின்றிருந்தார்கள். கோவிந்தன் விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்தினார். எல்லாரும் ஏறி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எம் பொண்ணு கம்பைநல்லூர் ரூட்டுல வர்றாம்மா. அங்க ஒரு பஸ்ஸும் அவளுக்கு நிக்கறதில்ல."