ஏலியாம்மா மேடையேறினாள்

கணவர் மாத்துக்குட்டி பக்கத்தில் வந்து நின்றதும் ஏலியாம்மா சேலைத் தலைப்பை இழுத்து நெற்றித் தழும்பை மூடிக்கொண்டாள். பந்தலில் ஆயிரம் கண்கள் இருந்தன. அவள் மறைத்தது அவர் கண்ணுக்கு மட்டும்தான்.

குடியை விட்டவர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு, இந்த முறை திருவல்லாவில் நடந்தது. காசர்கோட்டிலிருந்துகூட குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஏலியாம்மா வருவது இதுதான் முதல் தடவை.

"என்ன மாத்துக்குட்டிச்சாயா, இவ்வளவு லேட்டு?" என்று ஓடிவந்தான் சசிதரன். மேடைப் பொறுப்பு அவனுடையது.

"என்னைக் கேட்காத, இவளைக் கேளு. மழை விட்டிருக்கு, கிணத்தடிப் பாசியைத் தேய்ச்சு முடிக்காம கிளம்ப மாட்டேன்னுட்டா. ஒவ்வொரு மழைக்கும் இதே கூத்து."

"சேச்சி வந்ததே பெருசு. பாருங்க சேச்சி, கேரளத்துக் குடிகாரன் பாதிப்பேரு இங்கதான் இருக்கான். ஒரு கிளாஸ் உடைஞ்சிருக்கா?"

"எல்லாருக்கும் பேப்பர் கிளாஸ்ல டீ கொடுத்தா எப்படி உடையும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாத்துக்குட்டி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவருக்கு அவளிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. குடியை விட்டவன், தான் காயப்படுத்தியவர்களை நேரில் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். குடிபோதையில் தான் வெட்டரிவாளோடு துரத்திய அண்ணன், நடுப்பூசையில் தான் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிய பாதிரியார், எல்லோரிடமும் அவர் போய் நின்றாகிவிட்டது. எல்லோரும் பொறுத்தார்கள். ஏலியாம்மாவிடம் மட்டும் எப்போது வாயெடுத்தாலும், "அந்தப் பேச்சை விடுங்க" என்று எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இன்று அவளை எப்படியோ இங்குவரை கூட்டிவந்துவிட்டார். இன்றும் அவள் சொல்லாவிட்டால் இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

"என் பேரு மாத்துக்குட்டி. நான் ஒரு குடிகாரன்."

"வணக்கம் மாத்துக்குட்டி," என்றது பந்தல் ஒரே குரலில்.

எத்தனையோ கூட்டங்களில் சொன்ன கதைதான். அவளை எதிரில் வைத்துக்கொண்டு சொல்வது இதுதான் முதல் முறை.

"அன்னைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன்னு தெரியாது. விடிஞ்சு கண்ணைத் திறந்தா, இவ நெத்தியில கட்டு, கட்டெல்லாம் ரத்தம். என்னடி ஆச்சுன்னு கேட்டேன். நீங்க அடிச்சதுதான்னா. எனக்கு ஒரு மண்ணும் நினைவில்ல."

முன்வரிசையில் பலர் குனிந்தபடி தலையாட்டினார்கள். நினைவில்லாத ராத்திரி ஒன்றாவது இல்லாதவன் அங்கே யாருமில்லை.

"எங்கப்பன் அடிச்ச அடியில எங்கம்மாவுக்கு ஒரு காது கேட்காமப் போச்சு. எவ்வளவு குடிச்சாலும் பொம்பளை மேல கை வைக்க மாட்டேன்னு அம்மா தலைமேல சத்தியம் பண்ணினவன் நான். அந்தக் கட்டைப் பார்த்ததுக்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்ல. அந்தக் காயம் இல்லேன்னா இந்நேரம் நான் மண்ணுக்குள்ள."

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் மக லின்சி அதுக்கப்புறம் என்னை அப்பான்னு கூப்பிட்டதில்ல. கல்யாணத்தன்னிக்குப் பெரியவங்க எல்லார்கிட்டயும் வரிசையா ஆசீர்வாதம் வாங்கினா. என்னைத் தாண்டிப் போயிட்டா. தப்புன்னு சொல்லமாட்டேன். அம்மாவை அடிச்சவன்கிட்ட எந்த மக ஆசீர்வாதம் கேப்பா?"

ஏலியாம்மா கையிலிருந்த காகிதக் கோப்பை நசுங்கி, மிச்சமிருந்த டீ மடியில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டார் மாத்துக்குட்டி.

சசிதரன் போய் அவளைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துவந்தான். அவள் படியேறி முடிப்பதற்குள் மாத்துக்குட்டி முழங்காலிட்டுவிட்டார்.

"ஏலியாம்மா, இத்தனை பேர் முன்னால கேட்கிறேன். பொறுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"எந்திரிங்க இச்சாயா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். நீ சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"சொல்லிடுங்க சேச்சி, பாவம் மனுசன்," என்று கீழேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "என்ன கல்மனசுடி இது," என்று இன்னொருத்தி பக்கத்துக்காரியிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

சசிதரன் மைக்கை ஏலியாம்மாவின் வாயருகே பிடித்தான். அவள் அவரை எழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. அவருக்கு எதிரே அவளும் மெல்ல முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பொறுத்தேன்னு என்னால சொல்ல முடியாது."

மாத்துக்குட்டியின் தலை தொங்கியது.

"நியாயம்தான்," என்றார். "நான் பண்ணினது பொறுக்கக்கூடிய காரியமில்ல."

ஏலியாம்மா தலையை நிமிர்த்தவில்லை. அவர் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிரித்துவிட்டாள்.

"அன்னைக்கு கிணத்தடிப் பாசியில வழுக்கி விழுந்தேன். நீங்க என்னை அடிக்கவே இல்ல."