கொக்கி மாட்டாத பொறி

விஜயராணியின் கையிலிருந்த பப்ஸை ஜெயபாரதி தட்டிவிட்டாள். அது மெஷினுக்கடியில் போய் விழுந்தது.

“ஏன்க்கா இப்படிப் பண்ணுதீய?” விஜயராணிக்குக் கண் கலங்கிவிட்டது. டிகிரி முடித்தும் வேலை கிடைக்காமல், திருநெல்வேலிப் பக்கமிருந்து வீரபாண்டி பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவள். தினமும் டீ நேரத்தில் ஏதாவது வாங்கித் தருகிற சூப்பர்வைசர் செந்தில்வேலைத் தவிர, ஆதரவாகப் பேச இங்கே ஆளில்லை.

“திங்கற பண்டத்தை யாராச்சும் தட்டிவிடுவாங்களா?” பக்கத்து மெஷின்காரி முகத்தைச் சுளித்தாள். நியாயம்தானே? புதுசாக வந்த பெண் மேல் இத்தனை வயிற்றெரிச்சலா?

செந்தில்வேல் கோபப்படவே இல்லை. “விடுங்க, வேற வாங்கிக்கலாம்” என்று சிரித்தான். துணி ரோல்களுக்கு நடுவே குனிந்து எலிப்பொறியைப் பார்த்தான்.

“தேங்காய்ச் சில்லைத் தின்னுட்டுப் போயிருச்சுங்க!”

“எலி சிக்கலீங்களா?” என்றார் கட்டிங் மாஸ்டர் கந்தவேல்.

“கொக்கியே மாட்டலீங்களே! ஆடுன்னா புதுசா எதைக் கண்டாலும் ஓடிவந்து மோந்து பாக்கும். எலி மனுசனுக்குப் பயந்தே பொழைக்கற ஜீவனுங்க. புதுச் சாமானம்னா கிட்டயே வராது. சும்மா தீனி வெச்சுப் பழக்கோணும். பயம் தெளிஞ்சதும் கொக்கியை மாட்டோணும். இன்னைக்கு மாட்டிரலாம்.”

கையைத் தட்டிக்கொண்டு விஜயராணியிடம் வந்தான்.

“ராணி, இன்னைக்கு நீ மட்டும் ஓ.டி. இரு. வேன் போனாப் போகுது. நானே ஊட்டுல கொண்டாந்து விடறேன்.”

“சரிங்க சார்.”

சாயங்காலம் எல்லோரும் கம்பெனி வேனில் ஏறினார்கள். ஜெயபாரதி மட்டும் விடுவிடுவென்று திரும்பி வந்து, விஜயராணியின் மெஷினை ஆஃப் பண்ணி, கையைப் பிடித்து இழுத்தாள்.

“அவளுக்கு வேலை இருக்குது. விடு!” செந்தில்வேலின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. “நாளைக்கு நீ வேலைக்கு வரோணுமா, வேண்டாமா?”

“வேண்டாமுங்க.”

தரதரவென்று இழுத்துப் போய் வேனில் ஏற்றிவிட்டாள். வேன் கிளம்பியதும் விஜயராணி வெடித்தாள்.

“ஒரு நல்ல மனுசன் எனக்கு உதவி பண்ணுதது உங்களுக்குப் பொறுக்கலையோ?”

ஜெயபாரதி பிடித்த கையை விடவில்லை.

“நான் புதுசா வந்தப்ப எனக்குத் தேங்காய் பன்னு வாங்கிக் குடுத்தான், கண்ணு. அப்புறம் ஒருநாள் ஓ.டி. இருக்கச் சொன்னான்.”