நாக்கில் ஒட்டாத எலும்பு

ஓடைக்கரையில் ஓர் எலும்பும் ஒரு கூழாங்கல்லும் அக்கம்பக்கமாகக் கிடந்தன. எலும்பு கல்லாய் இறுகி எத்தனையோ யுகமாகியும், "நான் டைனோசர் எலும்புடா, உன்னை மாதிரி வெறும் கல்லு இல்ல" என்று தினமும் அலட்டிக்கொள்ளும்.

ஒரு ஞாயிறு, புதைபடிவம் தேடும் சங்கத்தார் சுத்தியலும் பையுமாக வந்தார்கள். கிடைத்ததையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டினால் எலும்பு, பைக்குள் போகும்.

"கண்ணாடிப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்களே, அண்ணே!" என்று எலும்பு கூழாங்கல்லிடம் பதறியது.

சங்கத் தலைவர் தைரியநாதன் அதை எடுத்து நாக்கில் வைத்தார். காலை மழையில் ஊறி, அதன் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்ததால் ஒட்டவில்லை.

"ச்சே, வெறும் கல்லு!" என்று வீசிவிட்டு நடந்தார்.

எலும்பு கூழாங்கல்லின் மேலேயே வந்து விழுந்தது. "அப்பாடா!"

"என்ன சொன்னாரு?" என்றது கூழாங்கல்.

"நாம சொந்தக்காரங்களாம், அண்ணே."