கறம்பக்குடிக்கு வந்த ரயில்

"அண்ணே, அந்தத் தடிக் கம்பிய இங்கிட்டுக் கொண்டாராதீங்க. டிரான்ஸ்பார்மர் செத்துப்போயிரும்."

நாகராசு தலையைத் தூக்காமலே சொன்னான். கறம்பக்குடி சந்தைத் திடலில், தேர்தல் கூட்டப் பந்தலுக்குள், நீளமான பலகை மேல் அவன் போட்டிருந்த பொம்மை ரயில் மறுபடியும் நின்றுவிட்டது. பினாங்கிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கிய வண்டி. கரண்டில் ஓடுவது. புதுக்கோட்டை என்று எழுதிய அட்டை ஸ்டேஷனில் கிளம்பி, பச்சைத் துணி வயல்களைத் தாண்டி, கறம்பக்குடி போர்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பியூஸ் போய்விடுகிறது. மத்தியானத்திலிருந்து இதே கதைதான்.

கட்சியின் தேர்தல் ஏஜெண்ட் உடையப்பன் செம்புக் கம்பியோடு நின்றார். மேல்துண்டு வேர்வையில் நனைந்திருந்தது.

"தலைவர் வந்துக்கிட்டிருக்காருப்பா. ஒங்க ஊருக்கு ரயில் விடுவேன்னு அவரு சொல்லுற நேரம் பாத்து வண்டி நின்னா, எதிர்க்கட்சிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். தடிக் கம்பியப் போட்டா பியூஸ் போகாதுல்ல?"

"பியூஸ் போகாது. டிரான்ஸ்பார்மர் போயிரும். அதக் காப்பாத்தத்தான் இந்த மெல்லிசுக் கம்பி சாகுது. உள்ள சுத்தியிருக்கிற கம்பி கருகிட்டா, திருச்சியில கூடச் சரிபண்ண ஆள் இல்லண்ணே."

டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். சோற்றுப் பானை போலச் சுட்டது. காலையில் குடித்த நீராகாரத்தோடு நிற்கிறான். கண் எரிந்தது. இந்தத் தேர்தல் எப்போது முடியும், ஒரு ராத்திரியாவது காலை நீட்டிப் படுப்போமா என்றிருந்தது அவனுக்கு.

"ஈரச் சாக்கப் போத்திவிடவா?" என்றார் உடையப்பன். ஏஜெண்டுகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருக்கும்.

"தண்ணிய மட்டும் கிட்டக் கொண்டாராதீங்க. ஒரு பனையோலை விசிறி கெடச்சாக் குடுங்க, போதும்."

தண்டவாளத்தில் கிடந்த பூவையெல்லாம் வாரிக் கொட்டினான். சனங்கள் தேரைப் பார்ப்பதுபோல் பார்த்து, பூவை வேறு இறைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கம்பியை மாட்டிவிட்டு, இந்தத் தடவை வண்டியைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தான்.

வண்டி ஸ்டேஷனை நெருங்கியது. வளையல் போட்ட ஒரு கை மெதுவாக நீண்டு, தண்டவாளத்தின் மேல் எதையோ வைத்தது. பட்டென்று ஒரு பொறி. வண்டி நின்றது.

மஞ்சள் தடவிய ஓட்டைக் காலணா. இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. பூவை வாரும்போதெல்லாம் காசும் சேர்ந்து போயிருக்கிறது.

"நீங்கதானாக்கா?" என்றான் நாகராசு. கோபப்படவும் அவனிடம் தெம்பில்லை.

அந்தப் பெண் பயந்துபோனாள். பெயர் இருளாயி. பக்கத்துக் கிராமத்தில் களையெடுக்கப் போகிறவள்.

"காணிக்கதான் தம்பி. எங்க வீட்டுக்காரரு திருச்சி பெரியாஸ்பத்திரியில கெடக்காரு. பஸ்ஸு மாறி மாறிப் போயி வாரதுக்குள்ள உசுரு போகுது. போன வாரம் போகவே முடியல. வண்டி வந்துட்டா ஏறி ஒக்காந்தாப் போதும்ல? அதான் சீக்கிரம் வரட்டும்னு வேண்டிக்கிட்டு வச்சேன்."

"காச ரெண்டு தண்டவாளத்துலயும் படுற மாதிரி வச்சா, கரண்டு இஞ்சினுக்குப் போகாம காசு வழியாவே ஓடிரும்க்கா. அதான் நிக்கிது."

"அய்யோ, நானே வண்டிய நிறுத்திப்புட்டேனா?"

"பரவாயில்ல, விடுங்க. இனிமே யாரும் கிட்ட வராமப் பாத்துக்குங்க. அது போதும்."

அவ்வளவுதான். இருளாயி பலகைக்கு முன்னால் காவலுக்கு நின்றுவிட்டாள். ஒரு பூ விழ விடவில்லை. நாகராசு பாதி டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி வோல்டேஜைத் தேற்றினான். பிறகு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சல்காரருக்கு விசிறுவதுபோல் விசிறிக்கொண்டே இருந்தான்.

தலைவர் வந்தார். "இதோ, இப்படித்தான் ஒங்க ஊருக்கு ரயில் வரப்போவுது," என்று கையை நீட்டினார். வண்டி கூவிக்கொண்டு கறம்பக்குடிக்குள் நுழைந்தது. திடலே விசிலடித்தது. இருளாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உடையப்பன் மைக்கைப் பிடித்தார். "பச்சத் தண்ணி பல்லுல படாம இந்த நாகராசு ஒழச்சத நான் பாத்தேன். நம்ம ஊருக்கு ரயில் வரணுமுன்னு அவருக்கு இருக்கிற அக்கறையில பாதி நமக்கு இருந்தாப் போதும், செயிச்சுரலாம்." கூட்டம் அதற்கும் கைதட்டியது. நாகராசு குனிந்துகொண்டான்.

கூட்டம் கலைந்தது. அவன் டிரான்ஸ்பார்மரைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் இறக்கி, தண்டவாளங்களைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றினான். திடலில் மிச்சமிருந்தது இருளாயிதான்.

"மகராசனா இருப்ப தம்பி. ஒன் புண்ணியத்துல வண்டி வந்துச்சுன்னா, மொத நாளே ஏறிப்போயி எங்க வீட்டுக்காரருக்கிட்ட ஒன்னப் பத்திச் சொல்லுவேன்." கொஞ்சம் தயங்கி, மாட்டு வண்டியைப் பார்த்தாள். "எங்க ஊரு ரயில எங்கிட்டுத் தம்பி கொண்டு போற?"

பொய் சொல்லலாம். அதற்கும் யோசிக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது.

"மீமிசலுக்குக்கா," என்றான், எஞ்சினிலிருந்த கட்சிக் கொடியைப் பிய்த்துக்கொண்டே. "நாளைக்கு அங்க எதிர்க்கட்சிக் கூட்டம். அவங்களும் ரயில் விடுறாங்க."